மஞ்சள் கொஞ்சம் அதிகம்

ஜூன் 1, சனி

நான் ஓய்வு பெற்றதில் அலுவலகத்தைவிட அதிகம் பாதிக்கப்பட்டவள் வடிவு. அலுவலகம் என் நாற்காலியில் வேறொருவரை உட்காரவைத்துக்கொண்டது. அவளுக்கு அந்த வசதி இல்லை. பிள்ளைகள் இல்லாத வீடு; நான் போய் உட்கார வேறு அறையில் வேறு ஆளும் இல்லை. வந்த ஒரு மாதத்தில் சமையலறை டப்பாக்களை அகரவரிசைப்படி அடுக்கினேன். பால்காரரிடம் பாலின் அடர்த்தி பற்றிப் பேசினேன். அவர் இப்போது பாக்கெட்டை வாசலில் எறிந்துவிட்டு வண்டியை முறுக்குகிறார்.

இன்று காலை காப்பியை வைத்துவிட்டு வடிவு சொன்னாள்: "சனி, ஞாயிறு காலையில நீங்க கிளாஸுக்குப் போறீங்க. பேரு குடுத்தாச்சு."

"என்ன கிளாஸ்?"

"ஆயில் பெயிண்டிங்."

"எனக்கு ஒரு கோழிகூட வரையத் தெரியாதே வடிவு."

"கிளி ஜோசியம் சொல்லித் தாராங்கன்னா அதுலதான் சேத்திருப்பேன். இதுலதான் இடம் இருந்துச்சு. சவத்த, வீட்ட விட்டு இறங்குனாப் போதும்."

ஜூன் 2, ஞாயிறு

முருகன்குறிச்சியில் ஒரு தையல்கடை மாடி. ஆசிரியையின் பெயர் ஜெபராணி. வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லித் தருகிறார். முப்பது வயது இருக்கும். எப்போதும் தலை வலிப்பவர் போன்ற முகம். மாணவர்களைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. ஏழெட்டுக் குழந்தைகள், சேர்மக்கனி என்ற பல் மருத்துவர், நான். சேர்மக்கனி இரண்டு வருடமாக ஒரே சூரிய அஸ்தமனத்தை வரைந்துகொண்டிருக்கிறார். நாள் முழுக்க வாய்க்குள் பார்ப்பவருக்குத் தொலைவில் ஏதாவது வேண்டியிருக்கும்.

ஒரு கத்திரிக்காயை மேசையில் வைத்து வரையச் சொன்னார்கள். வரைந்தேன். ஜெபராணி நின்று பார்த்தார்.

"சார், இது கத்திரிக்கா இல்ல. கத்திரிக்காயப் பத்தி உங்களுக்கு இருக்க அபிப்பிராயம். அபிப்பிராயம் வேண்டாம். எதிர்க்க என்ன இருக்கோ அத மட்டும் போடுங்க."

இதை நான் எளிதாகக் கற்றுக்கொள்வேன். காப்பீட்டு நிறுவனத்தில், இறந்தவர்களின் பாலிசிப் பணம் கேட்டு வரும் மனுக்களைப் பார்க்கும் மரண உரிமைப் பிரிவில் வேலை பார்த்தவன். அங்கும் அபிப்பிராயம் கூடாது. காகிதத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும். அழுதுகொண்டு எதிரே நிற்பவரைப் பார்க்கக் கூடாது.

ஜூன் 9, ஞாயிறு

வண்ணத்தில் எண்ணெய் கலக்க வேண்டும். என்ன எண்ணெய் என்று ஜெபராணி சொன்ன நேரத்தில் பக்கத்துக் குழந்தை டம்ளரைக் கவிழ்த்துவிட்டது. வீட்டில் நல்லெண்ணெய் இருந்தது. கலந்தேன். கத்திரிக்காய் பளபளவென்று வந்திருக்கிறது.

ஜூன் 15, சனி

கத்திரிக்காய் காயவில்லை. எறும்பு வந்திருக்கிறது.

வடிவு எட்டிப் பார்த்தாள். "எண்ணெயில நல்லா வதங்கிருச்சு. புளியக் கரைக்கட்டா?"

கலக்க வேண்டியது ஆளிவிதை எண்ணெயாம். அதுவும் காய்வதற்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகும். ஒரு அடுக்கு பூசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது காய்ந்தபின் அடுத்தது. நேரம் நிறைய வைத்திருப்பவர்களின் கலை இது. எங்களிடம் இப்போது அது ஒன்றுதான் மிச்சம்.

ஜூன் 30, ஞாயிறு

இரண்டாவது கத்திரிக்காய் முடிந்தது. ஜெபராணி "பரவாயில்ல" என்றார். இரண்டு வருடத்தில் சேர்மக்கனிக்கு அதுகூடக் கிடைக்கவில்லை என்று அவரே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

வடிவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. புதுச் சோப்பின் வேலை என்கிறாள். பழைய சோப்புக்குத் திரும்பினோம். சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவிடுகிறாள். டப்பாக்களை நான் அடுக்கியதற்கு எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 6, சனி

இனி முகம். "அசையாம உக்காருற ஆளு யாராவது வீட்டுல உண்டா சார்?" என்று கேட்டார் ஜெபராணி.

மனைவி இருக்கிறாள், ஆனால் அசையாமல் என்பதற்கு உத்தரவாதம் தர முடியாது என்றேன்.

மாலையில் ஜன்னல் பக்கம் பிரம்பு நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். மடியில் சுளகு, அதில் உரிக்கச் சின்ன வெங்காயம்.

"மூக்கப் பெருசாப் போட்டுறாதீங்க."

"எதிர்க்க இருக்கத மட்டும்தான் போடணும்னு உத்தரவு."

"அப்ப அந்தப் பிள்ளைய இங்க வந்து எம் மூக்கப் பாத்துட்டுப் பேசச் சொல்லுங்க."

ஒரு மணி நேரம் வரைந்தேன். வெங்காயம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் சொன்னாள்: "கண்ணச் சிமிட்டாமப் பாக்குதீங்களே. கோட்டி கீட்டி புடிச்சிருச்சா?"

ஜூலை 7, ஞாயிறு

நான் கூப்பிடுவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டாள். கிளிப்பச்சைச் சேலை, தலையில் பிச்சி. வெங்காயம் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

தோல் நிறம் என்று ஒரு ட்யூப் கடையில் விற்கிறார்கள். எந்த நாட்டுத் தோல் என்று போடவில்லை. திருநெல்வேலி ஜில்லாவில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆகவே நாமே கலக்க வேண்டும். செம்பழுப்பு, காவி மஞ்சள், வெள்ளை, ஒரு பொட்டு நீலம். முதல் கலவை செங்கல்லுக்குப் பொருந்தியது. இரண்டாவது மைசூர்பாகு. மூன்றாவது கிட்டத்தட்ட வடிவு.

அரிப்புக்கு வேப்பிலையும் விரலி மஞ்சளும் அரைத்துப் பூசிக் குளிக்கிறாள். எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் வாசலில் நிறுத்தி முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏ வடிவு, மஞ்சத் தேச்சிக் குளிக்கியா? மூஞ்சி மாரியாத்தா கணக்கா இருக்கு. அண்ணாச்சி வீட்டோட வந்ததும் வந்தாக, உனக்கு வாழ்வுதான் போ."

வடிவு வெட்கப்பட்டாள். அதை நான் முன்பு பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். ஓரமாகச் சிவக்கும்போது கன்னத்தில் காவி மஞ்சளைக் குறைக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

"மஞ்சள் கொஞ்சம் அதிகம் சார்" என்றார் ஜெபராணி.

வீட்டுக்கு வந்து குறைத்தேன். எதிரே வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. கூட்டினேன். பொருந்தியது. போன வாரத்துக் கலவையை அதன் பக்கத்தில் வைத்தால் அது வேறு யாரோ. ட்யூபில் தரம் ஒரே மாதிரி இருப்பதில்லை போலும். கடைக்காரரிடம் புகார் சொன்னேன். அவர் என்னைப் பால்காரர் பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

ஜூலை 28, ஞாயிறு

தென்காசியிலிருந்து வடிவின் தங்கை செண்பகம் வந்திருந்தாள். அக்காவின் ரவிக்கைகளைத் தையல்காரியிடம் பிடிக்கக் கொடுக்கும் அளவுக்கு அக்கா மெலிந்திருப்பதில் அவளுக்குப் பொறாமை.

"என்னத்தக்கா திங்கிய? எனக்கும் சொல்லேன். நானும் நடையா நடக்கேன், ஒரு பிடி குறையல."

"ஒண்ணும் திங்கலட்டி. அதான் ரகசியம்."

இருவரும் சிரித்தார்கள். நான் தோள்பட்டையை மறுபடி வரைந்தேன். முதலில் வரைந்தது இப்போது அகலமாகத் தெரிகிறது. என் அளவு தவறியிருக்க வேண்டும்.

கண்ணின் வெள்ளை வெள்ளையாக இருக்கும் என்று இதுவரை நம்பியிருந்தேன். அதுவும் அபிப்பிராயம்தான். காவி மஞ்சள் துளி கலந்தால்தான் சரியாக வருகிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

படத்தை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

"கண்ணு வெள்ளைக்குமா சார் மஞ்சள்?" என்றார் ஜெபராணி. "வீட்டுல குண்டு பல்பு போட்டுட்டு வரையிதீங்களா?"

"பகல் வெளிச்சம்."

"மனுசங்க இப்படி இருக்க மாட்டாங்க சார். மஞ்சள் பூசினாக்கூட தோல்லதான் நிக்கும்."

சேர்மக்கனி தன் அஸ்தமனத்தை விட்டு எழுந்து வந்தார். பல்லைப் பார்ப்பவர் போலக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சார், இது பாத்து வரைஞ்சதா, தோணுனதா?"

"பாத்துத்தான்."

"கண்ணும்?"

"கண்ணும்."

"அவங்களுக்கு அரிப்பு இருக்கா?"

"வேப்பிலையும் மஞ்சளும் பூசுதா."

அவர் கையைத் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "படம் இங்கயே இருக்கட்டும். ஒரு ஆட்டோவக் கூப்பிடுங்க. நானும் வாரேன்."

ஜெபராணி என்னவோ சொல்ல வந்தார். குழந்தைகளின் சத்தத்தில் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

ரத்தப் பரிசோதனை. முடிவைப் படித்த இளம் டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபோது நானும் அப்படி நிமிர்ந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஸ்கேன். கணையத்தில் கட்டி. பித்தம் இறங்கும் குழாயை அது அடைத்திருக்கிறது. மஞ்சளும் அரிப்பும் அதனால்தான். கல்லீரலிலும் பரவியிருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு நேரம் கடந்துவிட்டது. குழாயில் ஒரு சிறு வலைக்குழல் வைத்தால் மஞ்சள் கொஞ்ச நாள் இறங்கும். கணையம் எங்கே இருக்கிறது என்று பெரிய டாக்டர் மருந்துச் சீட்டின் பின்புறம் பேனாவால் வரைந்து காட்டினார். விகிதம் சரியில்லை.

"பொங்கல்?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது."

"தீபாவளி?"

"பாத்துருவாங்கன்னு நினைக்கேன்."

இந்த நோய் எனக்கு அலுவலகத்தில் பழக்கம். இதில் விசாரணைக்கு வேலை இல்லை, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சுத்தமான கேஸ் என்போம்.

திரும்பும்போது ஆட்டோவில் வடிவு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாளை பஸ் நிலையம் தாண்டியதும் சொன்னாள்: "விரலி மஞ்சள் என்ன விலை விக்கி! அம்புட்டையும் அரைச்சுப் பூசி வீணாக்கிட்டேன்."

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. படத்தைச் சேர்மக்கனி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றினார், பிறகு மாட்டிக்கொண்டார். படத்தைச் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்திருக்கிறேன். காற்றில் தூசி அதிகம். ஈர வண்ணத்தில் தூசி ஒட்டினால் எடுக்க முடியாது. தூரிகையிலும் மயிர் உதிர்கிறது. ஆளிவிதை எண்ணெய் தீரப் போகிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மதுரையில் குழல் வைத்துவிட்டு நேற்று திரும்பினோம்.

இன்று மதியம் அவள் படுத்தபடியே கேட்டாள்: "படம் என்னாச்சு?"

"காத்துல தூசி."

"தூசி காத்துலயா, உங்க கண்ணுலயா?"

நான் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"பொண்ணு பாக்க வந்தீங்கள்ல, அன்னைக்கு நான் குனிஞ்சுகிட்டே பாத்தேன். நீங்க தட்டுல இருந்த மிக்சரப் பாத்துட்டு இருந்தீங்க. கல்யாணத்தன்னைக்கு போட்டோக்காரரப் பாத்தீங்க. அப்புறம் பேப்பரப் பாத்தீங்க. இம்புட்டு வருசத்துல இந்தக் கத்திரிக்கா முடிஞ்சப்புறம்தான் எம் மூஞ்சியப் பாத்தீங்க. நல்லா இருந்துச்சு. கூச்சமா இருந்துச்சு, ஆனா நல்லா இருந்துச்சு. இப்ப அதையும் சுவத்தப் பாக்கத் திருப்பி வச்சாச்சு."

"வடிவு..."

"போற வரைக்கும் பாருங்க. வேற ஒண்ணும் கேக்கல. படம் நல்லா வரணும்னுகூடக் கேக்கல. அது வராதுன்னு தெரியும்."

மிக்சர் அல்ல, காராசேவு. அதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

படத்தைத் திருப்பி வைத்தேன். மூன்று மணியிலிருந்து வெளிச்சம் போகும்வரை.

செப்டம்பர் 14, சனி

குழல் வேலை செய்கிறது. மஞ்சள் இறங்குகிறது, ஒவ்வொரு நாளும் கலவையில் காவி மஞ்சளைக் குறைத்துக்கொண்டு வருகிறேன். கண்ணின் வெள்ளை கிட்டத்தட்ட வெள்ளை. அரிப்பு நின்றுவிட்டது. ஒரு முழு தோசை சாப்பிட்டாள், கால்வாசிக்குப் பொடி கேட்டாள்.

காய்கறிக்காரரிடம் பேரம் பேச இன்று வாசல்வரை வந்தாள். பேச்சியம்மாள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என்ன வடிவு, மஞ்சள விட்டுட்டியா? மூஞ்சி களையில்லாமக் கெடக்கு. பழையபடி பூசு."

"இனி பூசாண்டாம் மைனி. தானா வரும்" என்றாள் வடிவு.

ஜெபராணி வீட்டுக்கு வந்திருந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு படத்தின் முன்னால் நின்றார்.

"சார், கீழ உள்ள அடுக்கு காயவே இல்ல. அதுக்குள்ள மேல மேல போடுதீங்க. பின்னால வெடிச்சிரும்."

"பின்னாலன்னா எப்ப?"

"வருசக்கணக்கு ஆகும் சார்."

"அப்பப் பரவாயில்ல."

ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசையில் வைத்தார். பிறகு, நான் கேட்காமலே, நெற்றியில் ஒளி விழும் இடத்தைக் காட்டித் தந்தார். மஞ்சளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

கன்னம் நன்றாக வந்திருக்கிறது. இதற்கு மேல் தொட வேண்டாம் என்று நினைக்கிறேன். கொலு வைத்த வீடுகளிலிருந்து சுண்டல் வந்தது. வடிவு ஒரு கை சாப்பிட்டாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

கன்னத்தைத் தொட வேண்டியதாயிற்று. வியாழக்கிழமை கலவையில் கொஞ்சம் மஞ்சள் சேர்த்தேன். வெள்ளி இன்னும் கொஞ்சம். இன்று காவி மஞ்சள் போதவில்லை, பச்சை கேட்கிறது.

டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் "இன்னொரு தடவ குழல் வச்சுப் பிரயோஜனம் இல்ல" என்றார். அது எனக்குத் தெரியும். படம் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

அக்டோபர் 10, வியாழன்

செண்பகம் பெட்டியோடு வந்து சேர்ந்துவிட்டாள். சமையல் அவள் பொறுப்பு. டப்பாக்கள் அகரவரிசையை இழந்துவிட்டன. அடுக்களைக்கு என்னைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. பின்னால மாட்டுததுக்கு அக்கா போட்டோ ஒண்ணுகூட உருப்படியா இல்ல. எல்லாத்துலயும் கண்ண மூடிட்டு இருக்கா. ஜங்ஷன்ல ஒரு ஸ்டுடியோக்காரர் இருக்காரு. தலைய மட்டும் குடுத்தாப் போதுமாம். பட்டுச்சேல, நகை, பின்னால அருவி, எல்லாம் அவரே போட்டுருவாராம்."

"தலைய மட்டும்னா?"

"போட்டோல உள்ள தல அத்தான்."

அறையிலிருந்து குரல் வந்தது. "ஏட்டி செண்பகம். ஒட்டியாணம் உண்டான்னு கேட்டுக்கோ. உங்க அத்தான் போடாததயெல்லாம் அவராவது போடட்டும்."

செண்பகம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். தெரியவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

நாற்காலியில் உட்கார முடியவில்லை. கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டோம். தலையணைகளை அடுக்கி, முகம் வெளிச்சத்தைப் பார்க்கும்படி.

கன்னத்தின் சதை குறைந்துவிட்டது. படத்தில் அது இருக்கிறது. கத்தியால் சுரண்டி எடுத்தேன். காயாததால் எளிதாக வந்தது. எதிரே இருப்பதை மட்டும் போடுவதென்றால், இப்போதெல்லாம் பூசுவதைவிடச் சுரண்டுவது அதிகம். தட்டின் ஓரத்தில் ஒரு சின்ன உருண்டை சேர்ந்திருக்கிறது: ஆகஸ்டு, செப்டம்பர்.

செண்பகம் படத்தைப் பார்த்துவிட்டாள். "நல்லா இருந்த கன்னத்த எதுக்கு அத்தான் சுரண்டுதீங்க? அதையாவது விட்டு வைக்கக் கூடாதா?"

பதில் வடிவு சொன்னாள். "அவர விடுட்டி. அவருக்கு இப்பத்தான் கொஞ்சம் பாக்க வருது."

அக்டோபர் 20, ஞாயிறு

வலி. ஊசி போட நர்ஸ் வந்துபோகிறார். ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் நன்றாக இருக்கிறாள். அந்த ஒரு மணி நேரம் எங்களுடையது. கண் திறந்திருக்கும். நான் படத்துக்கும் அவளுக்குமாகப் பார்வையை மாற்றிக்கொண்டிருப்பேன். அவள் என்னை மட்டும் பார்ப்பாள். இது நியாயமில்லை என்று தோன்றுகிறது. எனக்கும் ஒரு மணி நேரம் அப்படி வேண்டும். ஆனால் தூரிகை இல்லாமல் எப்படிப் பார்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளி. பார்த்துவிட்டாள்.

நவம்பர் 3, ஞாயிறு

நாளில் பெரும்பகுதி தூங்குகிறாள். எழுந்தால் முதலில் நான் இருக்கிறேனா என்று பார்க்கிறாள். இன்று எழுந்து கேட்டாள்:

"எங்கன வரைக்கும் வந்திருக்கு?"

"நாடி முடிஞ்சுது. இனி கழுத்து."

"மெதுவாப் போடுங்க. அவசரம் ஒண்ணுமில்ல."

நவம்பர் 6, புதன்

வடிவு காலையில் இறந்துவிட்டாள்.

நவம்பர் 8, வெள்ளி

நேற்று எல்லாம் முடிந்தது. ஆறு, புகை, ஈர வேட்டி, திரும்பிப் பார்க்காமல் வரச் சொன்னார்கள்.

கணவன் இருக்கும்போதே போனவள் என்பதால் அவளுக்கு மரியாதைகள் அதிகம். தெருவில் சுமங்கலிகள் திரண்டுவிட்டார்கள். முகத்தில் பூச மஞ்சள் அரைத்துக்கொண்டுவந்தாள் பேச்சியம்மாள். பூசினார்கள். என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த விஷயத்தில் இந்த ஊரில் என்னைவிடத் தேர்ந்த கண் யாருக்கும் இல்லை என்று நினைக்கிறேன். "பாக்கியவதி" என்று எல்லோரும் சொன்னார்கள். இத்தனை பேர் சாட்சி சொன்னால் அலுவலகத்தில் எங்கள் பிரிவில் மேற்கொண்டு கேட்க மாட்டோம்.

செண்பகம் ஸ்டுடியோ படத்தை வாங்கி வந்துவிட்டாள். அருவி, ஒட்டியாணம், ரோஜா நிறத்தில் கன்னம். ட்யூபில் விற்கும் அந்தத் தோல் நிறம்தான். கடைசியில் அதற்கும் ஒரு ஆள் கிடைத்துவிட்டது. மாலை அதற்குத்தான் போட்டார்கள். என்னுடையது ஈரம். மாலை போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

சேர்மக்கனி வந்திருந்தார். ஜெபராணியும். என் படத்தின் முன்னால் இருவரும் கொஞ்ச நேரம் நின்றார்கள். ஜெபராணி கழுத்தைக் காட்டி, "இது எப்ப சார் போட்டீங்க? இது ஒண்ணுதான் ஒரே தடவையில போட்டது மாதிரி இருக்கு" என்றார். புதன்கிழமை என்றேன். 

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு நிறம் கலந்தேன். நான்கு மாதமாக எனக்கு ஒரே தொல்லைதான்: நான் கலந்து முடிப்பதற்குள் அவள் கொஞ்சம் மாறியிருப்பாள். காலையில் சரியாக இருப்பது மாலையில் பொய்யாகிவிடும். அன்று கலந்தது பொருந்தியது. தூரிகையை அவள் கழுத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தேன். அச்சாக அதே நிறம். கழுத்தின் வலப்பக்கம் முடித்துவிட்டு மறுபடி நீட்டிப் பார்த்தேன். அப்போதும் பொருந்தியது. அதன்பிறகுதான் போர்வையைப் பார்த்தேன். அது அசையவில்லை. கண் பாதி திறந்து என் பக்கமாக இருந்தது.

இடப்பக்கம் பாக்கி இருந்தது. செண்பகம் அடுக்களையில் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். தட்டு தட்டும் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் வந்துவிடுவாள். அவளுக்குப் பின்னால் பேச்சியம்மாள், பேச்சியம்மாளுக்குப் பின்னால் தெரு. அப்புறம் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் நான் முகம் காட்ட வேண்டும். அவளைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது, எனக்கும்தான்.

கூப்பிடவில்லை. நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டேன். இடப்பக்கக் கழுத்து, நரம்பு, தோளெலும்புக்கு மேலே இருக்கும் பள்ளம். அவசரப்படவில்லை. முடித்துவிட்டுத் தூரிகையைக் கீழே வைத்தேன். வைத்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் ஒன்றும் இல்லாமல் பார்ப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அப்புறம் செண்பகத்தைக் கூப்பிட்டேன்.